பூ நிறைய, காய் இல்லை: ஈரோட்டு மாடித் தக்காளி, கோடை 2024

கேள்வி: "தேமோர் கரைசல் வாரம் ஒருமுறை தெளித்தால் எந்த வெயிலிலும் தக்காளிப் பூ உதிராது என்கிறார்கள். நான் இரண்டு முறை தெளித்தும் உதிர்கிறது. யாருக்காவது நின்றிருக்கிறதா?"

26 மார்ச் 2024

எனக்கு நிற்கவில்லை. மூன்று முறை தெளித்துவிட்டேன். தேங்காய்ப் பாலும் புளித்த மோரும் சேர்த்து ஏழு நாள் ஊறவைத்து, 2 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் அடிக்கிறேன். இலை பளபளவென்று இருக்கிறது. பூக்கள் மட்டும் காலையில் தரையில் கிடக்கின்றன.

என் நிலவரம்: ஈரோடு, மொட்டை மாடி, 12 பைகள். எட்டில் பி.கே.எம். 1 ரகத் தக்காளி, நான்கில் அர்கா ரக்ஷக் ரகம். தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், செம்மண் கலந்த கலவை. தைப் பொங்கலுக்கு முந்தின நாள் விதைத்து, பிப்ரவரி 10 அன்று பைக்கு மாற்றினேன். மார்ச் பாதியில் பூ வந்தது. போன வருஷம் ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டிய நிலை வந்ததே, அப்போது எடுத்த முடிவு இது. இனி ரசத்துக்காவது கடைக்குப் போகக் கூடாது என்று.

உதிர்கிற பூவை எடுத்துப் பாருங்கள். காம்பின் நடுவில் முட்டி மாதிரி ஒரு கணு இருக்கும். அந்தக் கணு மஞ்சளாகி அங்கேதான் ஒடிகிறது. பூச்சி கடித்தால் இப்படி ஒரே இடத்தில் ஒடியாது. செடியே கழற்றிவிடுகிறது.

30 மார்ச்

தழைச்சத்து கூடிவிட்டதோ என்று சந்தேகம். மீன் அமிலம் (மீனும் வெல்லமும் ஊறிய கரைசல்) பத்து நாளைக்கு ஒருமுறை ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்டு விரல் பருமன், இலை கரும்பச்சை. தழைச்சத்து அதிகமானால் செடி இலையாகவே வளரும், பூப்பதைத் தள்ளிப்போடும் என்பது சரி. ஆனால் என் செடிகள் பூக்கத்தான் செய்கின்றன, கொத்துக்கு ஆறு, ஏழு பூ. பூக்காதது ஒரு கோளாறு, பூத்து உதிர்வது வேறு கோளாறு. இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். எதற்கும் மீன் அமிலத்தை நிறுத்திவிட்டேன்.

7 ஏப்ரல்

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்திருந்தார். கொடுமுடிப் பக்கம், காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் போட்டவர். வரப்போரம் வீட்டுக்கு மட்டும் தக்காளி வைப்பார். பைகளை ஒரு சுற்று சுற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"எப்ப அம்மிணி வெதச்ச?"

"தை பொறக்கறதுக்கு மொத நாள்ங்கப்பா."

"அப்பப் பூவு பங்குனியில வரும். பங்குனி பொறந்துட்டா ராத்திரியும் அனலடிக்கும். அதுக்கு முன்னாடியே காய் புடிச்சிருக்கோணும்."

எல்லோரும் பகல் வெயிலைப் பற்றிப் பேசும்போது அவர் ராத்திரியைச் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. அன்று இரவே ஒரு வெப்பமானியைப் பைகளுக்கு நடுவில் கட்டினேன். இரவு பத்து மணிக்கு 31 டிகிரி. விடியற்காலை ஐந்துக்கு 27.5.

தக்காளிக்குப் பிடித்த இரவு 15 முதல் 20 டிகிரி. 24, 25-ஐத் தாண்டினாலே காய் பிடிப்பது குறைய ஆரம்பித்துவிடும். பகலில் 35-க்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுவிடுகிறது, அதை வாங்குகிற சூலக முடியும் காய்ந்துபோகிறது. என் மாடியில் இரண்டுமே சேர்ந்து நடக்கிறது. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க அதைக் கக்குகிறது. கீழே வாசலில் அதே ஐந்து மணிக்கு 25.5 காட்டியது. இரண்டு டிகிரி வித்தியாசம், ஒரே வீட்டில்.

கேள்வி கேட்டவருக்கு: தேமோர் கரைசல் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. செத்த மகரந்தத்தை அதனால் பிழைக்கவைக்க முடியாது, அவ்வளவுதான். அளவான வெப்பத்தில் அது உதவலாம். பஞ்சகவ்யத்தை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்த டாக்டர் நடராஜன் எங்கள் கொடுமுடிக்காரர். அதை நானும் 3 சதவீதக் கரைசலாக அடிக்கிறேன், இலைக்கு நல்லது என்று நம்புகிறேன். இந்தப் பங்குனியில் அதுவும் பூவைக் காப்பாற்றவில்லை.

8 ஏப்ரல்

நேற்று விட்டுப்போனது. பையின் நடுவில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன், மதியம் மூன்று மணி: 41 டிகிரி. வேர் இருக்கிற இடம் அது. கைவைத்தால் வெந்நீர்ப் பாத்திரம் மாதிரி இருந்தது. பார்த்தவுடன் மனசு கேட்கவில்லை, எல்லாப் பைகளையும் செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

21 ஏப்ரல்

நிழல்வலை கட்டி எட்டு நாள். இதில் இரண்டு விஷயம்.

ஒன்று, 50 சதவீத வெயிலை மறைக்கும் வலை என்று கேட்டு வாங்கினேன், கடைக்காரர் கொடுத்தது 75 என்று கட்டிய பிறகுதான் தெரிந்தது. நாலே நாளில் நுனி நீண்டு தண்டு சோர்ந்தது. வலையில் விரல் வைத்து எண்ணினால் நெருக்கம் தெரியும், வாங்கும்போதே விரித்துப் பாருங்கள். மாற்றி 50 கட்டியபின் மதியம் மூன்று மணிக்குப் பைக்குள் 36 காட்டுகிறது. செங்கல், வலை, மேலே பரப்பிய காய்ந்த இலை, மூன்றும் சேர்ந்து ஐந்து டிகிரி இறக்கியிருக்கின்றன.

இரண்டாவது, இரவு. அதில் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. வலை வெயிலைத்தான் மறைக்கும், தளத்தில் ஏறிய சூட்டை என்ன செய்யும். சாயங்காலம் ஆறு மணிக்குத் தளத்தைத் தண்ணீர் விட்டு நனைத்தால் அரை மணி நேரத்துக்குக் குளிர்கிறது, ஒன்பது மணிக்குப் பழையபடி. அதுவும் எங்களுக்குக் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். நல்ல தண்ணீரைத் தளத்தில் கொட்ட மனசு வரவில்லை. ஆழ்துளைத் தண்ணீர் உப்பு; செடிக்கு அதை விட்டதில்தான் பையோரம் வெள்ளைப் படிவு வந்தது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைப் பையின் அடியில் ஒழுகும் அளவுக்கு ஊற்றி அந்த உப்பைக் கழுவி விடுகிறேன்.

வலைக்குள் காற்று குறைந்ததும் வெள்ளை ஈ பெருகிவிட்டது. நாலு பி.கே.எம். செடிகளில் இலை சுருண்டு, நுனி சிறுத்து, மஞ்சள் விளிம்பு கட்டிவிட்டது. இலைச்சுருட்டை வைரஸ். வந்த செடிக்கு மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி மூட்டை கட்டி அப்புறப்படுத்தினேன். கையால் விதைத்து வளர்த்ததைப் பிடுங்கும்போது தொண்டை அடைத்தது. அர்கா ரக்ஷக் நான்கும் நிற்கின்றன. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இலைச்சுருட்டை, வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும்படி உருவாக்கிய வீரிய ரகம் அது. தாங்குகிறது. ஆனால் அதிலும் பூ நிற்கவில்லை. நோயைத் தாங்குவது வேறு, சூட்டைத் தாங்குவது வேறு.

மஞ்சள் ஒட்டும் அட்டை இரண்டு தொங்கவிட்டிருக்கிறேன். மீதிச் செடிகளுக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் சில துளி. இலையின் அடிப்பக்கம் அடிக்க வேண்டும், ஈ அங்கேதான் இருக்கும்.

29 ஏப்ரல்

முதல் பழம்! மார்ச் இருபது வாக்கில் பிடித்தது. ஆனால் சிவக்கவில்லை. ஆரஞ்சும் மஞ்சளுமாக, காம்புப் பக்கம் திட்டுத் திட்டாக நின்றுவிட்டது. சிவப்பு தருகிற நிறமி 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது, மஞ்சள் நிறமி மட்டும் உருவாகும். இந்த மாதம் மாநில வெப்பப் பட்டியலில் எத்தனையோ நாள் எங்கள் ஈரோடுதான் மேலே இருந்தது, 42-ஐத் தாண்டி. செடியிலேயே சிவக்கட்டும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை. அடிப்பக்கம் லேசாக நிறம் மாறியதும் பறித்து, வீட்டுக்குள் குளிர்ச்சியான மூலையில் துணி போட்டு வையுங்கள். நாலைந்து நாளில் இன்னும் நல்ல சிவப்பு வருகிறது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், பழுப்பது நின்று வாசமும் போய்விடும்.

30 ஏப்ரல்

நேற்று இங்கே ஒருவருக்குச் சொன்ன பதிலில் ஒரு திருத்தம். காம்புப் பக்கம் பச்சை நிற்பதையும் வெயில் கணக்கில் சேர்த்துவிட்டேன். பச்சைத் தோள் பி.கே.எம். 1-இன் பிறவிக்குணம். தேனி பக்கத்து அன்னஞ்சி தக்காளியிலிருந்து பெரியகுளத்தில் எடுத்த ரகம், தட்டையாக, தோளில் பச்சையாகத்தான் காய் இருக்கும். பழுக்கும்போது அது போய்விட வேண்டும். போகாமல் மஞ்சளாகத் தங்குவதுதான் வெயிலின் வேலை.

6 மே

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள். காயின் அடியில் கருப்பு வட்டம், தோல் மாதிரி இறுகி உள்ளே போகிறது. மேலே முட்டை ஓடு போடச் சொன்னவர்களுக்கு நன்றி. போன மாதமே ஒரு கைப்பிடி பொடித்துப் போட்டுவிட்டேன். அது மண்ணில் கரைந்து செடிக்குச் சேர மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்க்கு உதவாது. சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போகாததுதான் காரணம். ஆனால் மண்ணில் இருந்தாலும் தண்ணீரோடுதான் அது ஏறும். காலையில் சொட்டச் சொட்ட ஊற்றி, சாயங்காலம் வரை பை காய்ந்து கிடந்தால் இலைகள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், காயின் நுனிக்கு வந்து சேராது. இப்போது காலை ஒரு லிட்டர், நாலரை மணிக்கு ஒரு லிட்டர். நார்க்கழிவின் மேல்பரப்பு காய்ந்து அடியில் சொதசொதவென்று இருக்கும், விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். இப்படிப் பாராமல் ஏப்ரலில் ஊற்றியதில் மூன்று செடி வாடிப் போய்விட்டது, அதை இங்கே எழுத மனமில்லாமல் விட்டிருந்தேன். ஐந்துதான் மிச்சம். பி.கே.எம். ஒன்று, ரக்ஷக் நான்கு.

17 மே

மழை! நேற்று ராத்திரி கொட்டித் தீர்த்தது. விடியற்காலை மாடியில் 23 டிகிரி. வலையைக் கழற்றிவிட்டுச் செடிகளை நனையவிட்டேன். நானும் நனைந்தேன். இரண்டு பழம் வெடித்துவிட்டது, திடீரென்று தண்ணீர் ஏறினால் தோல் தாங்காது. பரவாயில்லை, ரசத்துக்கு ஆகும்.

இனிப் பூ நிற்கும்.

22 மே

நிற்கவில்லை.

ஐந்து நாளாக வானம் மூட்டம், இரவு 24-க்குக் கீழே, பகல் 34. நேற்றும் இன்றும் விரிந்த பூ எல்லாம் மஞ்சள் கணுவோடு தரையில். அப்படியானால் வெப்பம் காரணமில்லையா? ஏப்ரல் 7-இல் நான் எழுதியது தப்போ என்று இரண்டு நாளாக யோசனை. போரான் குறைவா, உப்பா, தேனீ வராததா? செடிகளைப் பிடுங்கிவிட்டு ஆடிவரை பையைக் காயப்போடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். இன்னும் பத்து நாள் கேட்டிருக்கிறேன்.

30 மே

மேலே 22-இல் எழுதியதை யாரும் நம்ப வேண்டாம். வெப்பம்தான் காரணம். என் கணக்கில்தான் பிசகு.

பூ விரிகிற அன்றைய வெப்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மகரந்தம் அன்றைக்கா உருவாகிறது? பூ விரிவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், பச்சை மொட்டாக இருக்கும்போதே உள்ளே உருவாகிவிடுகிறது. சூட்டுக்கு மிகவும் பயப்படுகிற கட்டம் அதுதான். அதாவது மே 22-இல் உதிர்ந்த பூ, கத்திரி உச்சத்தில் மே 12 வாக்கில் வெந்த மொட்டு. மழை அதற்குப் பிறகு வந்தது. மழைக்குப் பிறகு கருவான மொட்டுகள் 27-ஆம் தேதியிலிருந்து விரிகின்றன. இன்று காலை எண்ணினேன்: ஐந்து செடியில் 14 பூ, காம்பு பச்சையாக, கணு உறுதியாக நிற்கிறது. நான்கில் இதழ் காய்ந்து உள்ளே மிளகளவு காய் தெரிகிறது.

அந்த மிளகளவு பச்சையைப் பார்த்ததும் ஓடிப்போய் அப்பாவுக்குத்தான் போன் போட்டேன். "பத்து நாள் பொறுத்தியா, அது போதும் அம்மிணி" என்றார்.

ஆகவே குளிர்ந்த நாள் வந்தவுடன் பலனை எதிர்பார்த்துச் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள், பத்து நாள் கொடுங்கள். தேமோர் கரைசலை இப்போது தெளித்திருந்தால் அதுதான் பூவை நிறுத்தியது என்று நானே சத்தியம் செய்திருப்பேன். மருந்து, மழை, பூ மூன்றும் அடுத்தடுத்து வரும்போது எது எதனால் என்று சொல்வது லேசில்லை.

இதுவரை மொத்தம் 4 கிலோ 300 கிராம். 12 பைக்கு.

9 ஜூன்

ஒருவர் பல்துலக்கும் மின்தூரிகையை வைத்துப் பூவை அதிரவைக்கலாமா என்று கேட்டிருந்தார். வைக்கலாம். தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கும், மகரந்தம் ஒரு கூம்புக் குழாய்க்குள் அடைந்திருக்கும், அதிர்ந்தால்தான் கொட்டும். காலை ஒன்பது, பத்து மணிக்குக் கொத்தின் காம்பில் இரண்டு வினாடி தொட்டால் போதும். சாதாரணத் தேனீக்கு இந்த அதிரவைக்கும் வித்தை தெரியாது. நீலப் பட்டை போட்ட குட்டையான ஒரு காட்டுத் தேனீ இருக்கிறது, பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு 'ஙீ' என்று ஒரு சத்தம் எழுப்பும். போன வாரம் ஒன்று வந்தது. சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். துளசியில் பூ விட்டிருந்ததால் வந்தது என்று நினைக்கிறேன், துளசியை இனிக் கிள்ளப்போவதில்லை.

16 ஜூன்

பழுக்காமல் தங்கிய காய்களை என்ன செய்தேன் என்று கேட்டவருக்கு: தக்காளிக்காய்த் துவையல். காயை நறுக்கி எண்ணெயில் சுருள வதக்கி, வரமிளகாய், உளுந்து, கொஞ்சம் நிலக்கடலை வறுத்து, புளி சேர்க்காமல் அரைக்க வேண்டும். காயிலேயே புளிப்பு இருக்கிறது. கம்பஞ்சோற்றுக்கு அப்படிச் சேரும். கோடையில் கிடைத்த நல்ல சாப்பாடு அதுதான்.

20 ஜூலை

மேலே எங்கேயும் சொல்லாத ஒரு செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறிவேப்பிலை இருக்கும் மண்தொட்டியில், சமையலறைக் குப்பை உரத்தோடு வந்து தானாக ஒரு தக்காளி முளைத்திருந்தது. கோலிக்குண்டு அளவு காய். அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஏப்ரலிலும் மே மாதத்திலும் அது வாரத்துக்கு ஒரு கை காய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. பையன் பறித்துத் தின்றுவிடுவதால் எனக்குத் தெரியவில்லை. சின்னக் காய் ரகங்கள் வெப்பத்தில் பெரிய காயை விட நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை.

ஆனால் முழுப் பெருமையையும் விதைக்குக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. தொட்டி மண்ணால் ஆனது, சுவர் வழியே தண்ணீர் கசிந்து குளிரும். மதியத்துக்கு மேல் படிக்கட்டு அறையின் நிழல். கறிவேப்பிலையின் தழையும் மேலே. ரகமா, தொட்டியா, நிழலா?

ஆடி பிறந்த மறுநாள் 18-ஆம் தேதி புதிய விதை போட்டாயிற்று, பி.கே.எம். 1 மட்டும். இலைச்சுருட்டை வராமல் இருக்க நாற்றுத் தட்டின் மேல் நெருக்கமான கொசுவலை. துலுக்கமல்லி இரண்டு பையில். காய்ப்புழுத் தாய்ப்பூச்சி முட்டையிட அதைத் தேடிப் போகும் என்பதற்காக.

22 செப்டம்பர்

ஆடிச் செடிகள் பூத்து இரண்டு வாரம். ஆறு செடியில் கொத்துக்கு நாலு, ஐந்து காய் நிற்கிறது. அதே மாடி, அதே பை, அதே கை. இரவு 23, 24. எந்தக் கரைசலும் தெளிக்கவில்லை, வேண்டுமென்றே.

அடுத்த கோடைக்கு நான் எழுதி ஒட்டியிருக்கும் கணக்கு இது. காய் பிடித்துப் பழுக்க 45 நாளுக்கு மேல் ஆகும். ஏப்ரலில் சமையலறைக்குப் பழம் வர வேண்டுமானால் பிப்ரவரி முடிவதற்குள் காய் பிடித்திருக்க வேண்டும். விதைத்ததிலிருந்து பூவுக்கு இரண்டு மாதம், கொத்து கொத்தாகக் காய் பிடிக்க அதற்கு மேல் ஒன்றரை மாதமாவது கையில் இருக்க வேண்டும். ஆகையால் ஐப்பசிக் கடைசியில், நவம்பர் 10-க்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். அப்போது அடைமழை இருக்கும், தட்டைத் திண்ணையில் வைத்துக்கொள்வேன். ஏப்ரல், மே மாதப் பூவை நான் எதிர்பார்க்கப்போவதில்லை.

கோலிக்குண்டுத் தக்காளி விதை கேட்டவர்களுக்கு: பழத்தைப் பிழிந்து சதையோடு டம்ளரில் இரண்டு நாள் புளிக்கவிட்டு, வழவழப்பு போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு வைத்திருக்கிறேன். நாற்பது, ஐம்பது விதை இருக்கும். அதில் நாலு விதை மட்டும் எனக்கு வேண்டும். இரண்டை மண்தொட்டியில், இரண்டைப் பையில், நான்கையும் முழு வெயிலில் வைத்துப் பங்குனியில் பூவை எண்ணப் போகிறேன். மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். வைப்பவர்கள் இரவு வெப்பத்தையும் குறித்து வைத்தால் எனக்குச் சொல்லுங்கள்.